எல்-1: நெய்வேலியில் ஒரு ரோலரும் ஒரு சம்பளத் தேதியும்

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்குச் சரக்கு போடலாமா, லேபர் கான்ட்ராக்ட் எடுக்கலாமா என்று என்னைக் கேட்கிற பிள்ளைகள் இப்போது அதிகம். டிப்ளமோ முடித்துவிட்டு விருத்தாசலம் பக்கம் ஒரு லேத் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த பணத்தில் அப்பா ஒரு டிப்பர் வாங்கிக் கொடுத்திருப்பார். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எல்-1 ஆகறது எப்படிண்ணே?"

அதற்குப் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். விலையை இறக்கு, ஆகிவிடலாம். ஆன பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மந்தாரக்குப்பத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு பட்டறை வைத்து, கன்வேயர் சாமான் செய்து பிழைக்கிறவன் நான். பார்த்ததையும் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

டெண்டர் பக்கமே போகாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பொதுத்துறை நிறுவனம் பெரிதாக எதை வாங்கினாலும் பெரும்பாலும் இரண்டு கவர். முதல் கவரில் தகுதி, அனுபவம், தொழில்நுட்ப விவரம். அதில் தேறியவர்களின் விலைக் கவரை மட்டும்தான் பிரிப்பார்கள். குறைந்த விலைக்காரர் எல்-1, அடுத்தவர் எல்-2. சில டெண்டரில் அதற்கு மேலும் ரிவர்ஸ் ஆக்‌ஷன் உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐநூறு ஆயிரமாக இறங்கிக்கொண்டே போக வேண்டும். 2016-இல் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளம் வந்த பிறகு வாங்குகிற வேலையில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. ஆளைப் பிடித்தால்தான் ஆர்டர் என்றிருந்த காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பொதுப்பணத்தைச் செலவழிக்க எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு முறை வேண்டும். எல்-1 அந்த முறை. எனக்குச் சண்டை அதோடு இல்லை. "தேறியவர்கள் எல்லாரும் சமம், இனி விலை மட்டும் பார்த்தால் போதும்" என்று நடுவில் ஒரு எண்ணம் இருக்கிறதே, அதோடுதான்.

ஒரு ரோலரை எடுத்துக்கொள்வோம்.

சுரங்கத்தில் மேல்மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து போவது ரப்பர் பெல்ட். அந்தப் பெல்ட்டைத் தாங்குவது வரிசையாக நிற்கிற ஆயிரக்கணக்கான ரோலர்கள். ரோலர் என்றால் ஒரு இரும்புக் குழாய், நடுவில் ஒரு ஷாஃப்ட், இரண்டு முனையிலும் ஹவுசிங், அதற்குள் பேரிங், பேரிங்கைக் காக்க சீல். இதற்கு ஐ.எஸ். 8598 என்று இந்தியத் தர அளவே இருக்கிறது. பெயின்ட் அடித்து அடுக்கிவிட்டால் நல்லதும் கெட்டதும் பார்வைக்கு ஒன்றுதான்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. குழாயின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, இரண்டு பக்க ஹவுசிங்கும் ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கிறதா, பேரிங் அசலா, லேபிரிந்த் சீலில் கிரீஸ் சரியாக நிரப்பியிருக்கிறார்களா. ஹவுசிங் கோணலாக இருந்தால் டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது முள் ஆடுவதில் தெரிந்துவிடும். குழாயின் கனத்துக்கு இன்னொரு வழி: ரோலரை இரண்டு தாங்கியில் வைத்து மெல்லச் சுற்றி விடுங்கள். நல்ல ரோலர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். குழாய் ஒருபக்கம் கனத்திருந்தால் எப்படிச் சுற்றிவிட்டாலும் அந்தப் பக்கமே கீழே வந்து நிற்கும். அந்த ரோலர் பெல்ட்டுக்கு அடியில் போனால் சுற்றுக்குச் சுற்று உதறும், உதறலில் பேரிங் போகும். இந்த நாலு இடத்தில் கை வைத்தால் ஒரு ரோலருக்கு இருநூறு, முந்நூறு மிச்சம் பிடிக்கலாம். ரிவர்ஸ் ஆக்‌ஷனின் கடைசி நிமிடத்தில் இறங்குகிற ரூபாய் பல சமயம் அங்கிருந்துதான் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சேறும் தண்ணீரும் சீலைத் தாண்டி உள்ளே போகும். பேரிங் துருப்பிடித்து ரோலர் ஜாம் ஆகும். ரோலர் நின்றாலும் பெல்ட் நிற்காது. நின்ற ரோலர் மேல் உரசிக்கொண்டே ஓடி, குழாயை ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். அந்த ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். பெல்ட்டைக் கிழிக்க அது போதும். பெரிய பெல்ட்டுகளில் ரப்பருக்குள் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. மேல் ரப்பர் வெட்டுப்பட்டால் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். உரசல் சூட்டில் தீப்பிடிப்பதும் உலகம் முழுக்கச் சுரங்கங்களில் நடந்திருக்கிறது.

கணக்குக்காகச் சொல்கிறேன். 3,000 ரூபாய் ரோலர் ஒன்றரை வருடம் வருகிறது, 3,500 ரூபாய் ரோலர் மூன்று வருடம் வருகிறது என்று வையுங்கள். டெண்டர் தாளில் முதலாவதுதான் ஜெயிக்கும். மூன்று வருடக் கணக்கில் அது 6,000 ரூபாய். மாற்றுகிற ஆள் கூலியும் பெல்ட் நின்ற நேரமும் தனி. அந்த 2,500 ரூபாய் நஷ்டம் எந்த ஃபைலிலும் வராது. வாங்கின பிரிவின் கணக்கில் 500 மிச்சம் என்றுதான் இருக்கும். மராமத்துப் பிரிவின் செலவு வேறு தலைப்பில் வேறு வருடத்தில் ஏறும்.

ரூபாயில் எழுத முடியாத செலவும் இதில் உண்டு. ரோலர் ஜாம் ஆனால் பெல்ட் ஒருபக்கமாக இழுக்கும். இழுத்தால் மண் சிந்தும். சிந்தின மண்ணை அள்ள வருகிறவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கும் ஒரு டெண்டர் உண்டு, அதிலும் ஒரு எல்-1 உண்டு. பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் அடியில் குனிய வேண்டும் என்பது எந்தச் சுரங்கத்திலும் விதி. உற்பத்தி ஓடுகிற ஷிஃப்டில் அந்த விதியின் மேல் எவ்வளவு நெருக்கடி விழும் என்பது சுரங்க வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். சரக்கு வாங்குவதையும் ஆள் எடுப்பதையும் நாம் இரண்டு தனி விஷயமாகப் பேசுகிறோம். கன்வேயருக்கு அடியில் இரண்டும் ஒன்று. மலிவு ரோலரின் மீதி விலையை மண்வெட்டி பிடித்தவர் கட்டுகிறார்.

எழுதிவைத்த ஸ்பெசிஃபிகேஷன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நெய்வேலியின் ஆரம்பகாலக் கதையே சாட்சி. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930-களில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்ததிலிருந்து கதை தொடங்குகிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. மண் வெட்ட ஜெர்மனியிலிருந்து சக்கர வாளி இயந்திரங்கள் வந்தன, மின்நிலையத்துக்கு சோவியத் நாடு கைகொடுத்தது. பேர் பெற்ற இயந்திரங்கள்தான். ஜெர்மனியின் மெத்தென்ற மண்ணை வெட்டிப் பழகிய வாளிப் பற்களுக்கு நம் கடலூர் மணற்கல் வேறு மாதிரி இருந்தது. பற்கள் மளமளவென்று தேய்ந்தன. கடினமான பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்த வேண்டி வந்தது. பற்களின் வடிவமும் உலோகமும் இங்கே மாற வேண்டி வந்தன. சப்ளையர் கெட்டவர் இல்லை, இயந்திரமும் மோசமில்லை. இந்த மண் எப்படிப்பட்டது என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டு, அதைக் கேட்கும் பொருளின் விவரத்தில் எழுத வேண்டியிருந்தது.

தண்ணீரும் அப்படித்தான். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். பம்பு நிற்கக் கூடாது என்றால் பம்புக்கான ஸ்பேர், மோட்டார் காயில் கட்டுகிறவர், கேபிள் சப்ளை செய்கிறவர் எல்லாரும் தேதிக்கு வர வேண்டும். இங்கே ஐந்து சதவீதம் விலை குறைவு என்பதைவிட ஒரு வாரம் முன்னால் என்பதுதான் பெரிய லாபம். இதைத் தெரிந்த பர்ச்சேஸ் அதிகாரிகள் உண்டு. ஸ்டோரில் இரண்டு செட் கூடுதலாக வைத்து, ஆடிட்டில் "தேவைக்கு மேல் இருப்பு" என்று கேள்வி வந்தாலும் நின்று பதில் சொல்கிறவர்கள். அவர்கள் பேர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

இப்போது பணம். இதை நினைத்துத்தான் சின்னப் பட்டறைக்காரனுக்கு ராத்திரி தூக்கம் வராது.

சட்டம் நம் பக்கம் நன்றாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கினால் எந்த ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு வந்து 15 நாளில் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். மத்திய பொதுத்துறை வருடாந்தரக் கொள்முதலில் 25 சதவீதம் நம்மைப் போன்றவர்களிடம் வாங்க வேண்டும், அதில் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3 சதவீதம். எல்-1-க்கு மேல் 15 சதவீதத்துக்குள் நம் விலை இருந்தால் எல்-1 விலைக்கு இறங்கி வந்து ஆர்டரில் பங்கு கேட்கலாம். கவனியுங்கள், அப்போதும் கிடைப்பது எல்-1 விலைதான். யாரோ ஒருவர் சீலில் மிச்சம் பிடித்துப் போட்ட விலைக்கு நீங்கள் நல்ல சீல் போட்டுக் கொடுக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் ஏன் தாமதம்? நாம் லேட்டாகச் சரக்கு கொடுத்தால் வாரத்துக்கு அரை சதவீதம் என்று அபராதம் பில்லில் தானாகவே பிடிபடும். யாரும் மனுப் போட வேண்டியதில்லை. அவர்கள் லேட்டாகப் பணம் கொடுத்தால் வட்டி தானாக ஏறாது. நாம் அரசின் இணையதளத்தில் புகார் செய்து, இதற்கென்றே உள்ள கவுன்சிலுக்குப் போய், அடுத்த டெண்டரில் நம்மைப் பார்க்கிற பார்வை மாறுமோ என்று பயந்துகொண்டே கேட்க வேண்டும். வேறோர் ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குச் சரக்கு அனுப்பிய எனக்கு, டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் ஒரு ஹீட் நம்பர் தெளிவாக இல்லை என்று பில் மாதக்கணக்கில் நின்றது. ஆட்சேபம் வாயால்தான் சொன்னார்கள், எழுத்தில் ஒரு வரி இல்லை. வட்டி கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். "வேண்டாம்ங்க, நாளைக்கு அவங்ககிட்டதானே போய் நிக்கணும்" என்றாள் என் மனைவி. கேட்கவில்லை. இந்தப் பேச்சு நடக்காத பட்டறை இந்த வட்டாரத்தில் இருக்காது. அபராதம் தானாக ஏறுகிற அதே கம்ப்யூட்டரில் வட்டியும் தானாக ஏற வேண்டும். சட்டத்தில் உள்ளதைச் செய்ய அதற்கு மேல் புதிதாக எதுவும் தேவையில்லை.

ட்ரெட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனம் உங்கள் பில்லை ஏற்றதாக அந்தத் தளத்தில் ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு அதை வாங்கிப் பணத்தை முன்கூட்டியே தரும். நிறுவனம் பிறகு வங்கிக்குக் கட்டும். மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் அதில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் ஏற்புப் பதிவு விழாதவரை ட்ரெட்ஸாலும் ஒன்றும் ஆகாது. வாங்கி விற்கிற வியாபாரிக்கு 45 நாள் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பில் தாமதம் எங்கே போய் முடிகிறது? எனக்கு என்றால் ஓவர்டிராஃப்ட்டில். லேபர் கான்ட்ராக்ட் என்றால் தொழிலாளியின் வீட்டு அடுப்பில். டீக்கடையில் ஒரு தம்பியிடம், "என்னப்பா, சம்பளம் போட்டாச்சா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லண்ணே. பில் பாஸ் ஆகலையாம், சூப்பர்வைசர் சொன்னாரு" என்றார். அவர் வேலை பார்ப்பது எந்த கான்ட்ராக்டரிடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்தப் பதில் சட்டத்தில் செல்லாது. பில் பாஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் கான்ட்ராக்டர் சம்பளத் தேதியில் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அவர் கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனம் கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது.

லேபர் டெண்டரில் எல்-1 இன்னும் கொடுமை. குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சட்டப்படி நிலையானவை; போட்டி போட மிஞ்சுவது கான்ட்ராக்டரின் சேவைக் கட்டணம் மட்டும். நாடு முழுக்க அதைப் பூஜ்யம் என்றும் பைசாக் கணக்கிலும் போட்டு ஜெயித்தார்கள். குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு வரம்பு கட்டும் அளவுக்கு அது போனது. லாபமே வேண்டாம் என்று ஒருவர் நூறு பேரை வேலைக்கு வைக்கிறார் என்றால் அந்த லாபம் எங்கிருந்தோ வரத்தான் போகிறது. பூட்ஸில் வரும், கையுறையில் வரும், போனஸில் வரும், ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வதில் வரும்.

2020-ஐ மறக்க முடியாது. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7 அன்று ஒரு பாய்லர் விபத்து. ஜூலை 1 அன்று இன்னொன்று. ஜூலை விபத்தில் அன்றைக்கே ஆறு பேர் போனார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக. இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். என்ன காரணம் என்று பார்க்க விசாரணைக் குழுக்கள் இருந்தன, அதற்குள் நான் போகவில்லை. ஆபத்துள்ள இடத்தில் நிற்பது யார் என்பதை இறுதி ஊர்வலங்களில் எல்லாரும் கண்ணால் பார்த்தோம்.

நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி என்பது தற்காலிக ஏற்பாடாக நின்றுவிடவில்லை. இருபது, இருபத்தைந்து வருடம் அதே பகுதியில் அதே வேலை. கான்ட்ராக்டர் பெயர் மாறும், பாஸில் முத்திரை மாறும், ஆள் அதே ஆள். 2010-இல் ஒரு மாதத்துக்கும் மேல் நீண்ட வேலைநிறுத்தம், 2023 ஜூலையில் மறுபடியும் ஒன்று. கேட்டது பணிநிரந்தரம், ஊதிய உயர்வு. இன்கோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்து, மூப்பு வரிசையில் சிலரை நிரந்தரமாக்குகிற வழி இருக்கிறது. வரிசை மிக நீளம். அதில் நிலம் கொடுத்த குடும்பங்களும் நிற்கின்றன. இருபது வருடமாக ஒரு பெல்ட்டின் சத்தத்தைக் கேட்டே எந்த ரோலர் போகப் போகிறது என்று சொல்லத் தெரிந்தவரை டெண்டரில் "திறன் சாராத் தொழிலாளி" என்று ஒரு வரியில் எழுதுகிறோம். அந்த அறிவுக்கு விலை போட நம் முறையில் இடமே இல்லை.

ஏதாவது மாற்ற முடியுமா என்றால், முடியும். விதிகளிலேயே வாசல் இருக்கிறது. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை, தரம் முக்கியமான வேலைகளுக்கு விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்கலாம், 30 சதவீதம் வரை, என்று அனுமதித்தது. அதைப் பயன்படுத்துகிற அதிகாரிக்குத் துணிச்சல் வேண்டும். எல்-1-க்குக் கொடுத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை, எல்-2-க்குக் கொடுத்தவரை எல்லாரும் கேட்பார்கள். அந்தத் துணிச்சலைத் தனி ஆளிடம் எதிர்பார்க்கக் கூடாது, கணக்கு முறை தர வேண்டும். ஒவ்வொரு ரோலரிலும் தயாரிப்பாளர் பெயரும் தேதியும் பொறித்து, எந்தத் தேதியில் மாட்டினோம், எந்தத் தேதியில் கழற்றினோம் என்று மராமத்துப் பிரிவு குறித்து வைத்தால் போதும். இரண்டு வருடத்தில் யார் சரக்கு நிற்கிறது என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும், அடுத்த டெண்டரின் தகுதிக் கவரில் அதைக் கேட்கலாம். லேபர் கான்ட்ராக்டில் பழைய அனுபவச் சான்று கேட்பதோடு, போன ஒப்பந்தத்தில் சம்பளம் எந்தெந்தத் தேதியில் வங்கியில் ஏறியது என்ற பட்டியலையும் கேளுங்கள். தாமதித்தவர் முதல் கவரிலேயே நிற்கட்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குக் கடைசியாகச் சொல்வது இது. சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை முதலில் முடியுங்கள். டெண்டர் ஆவணத்தில் விலைப் பக்கத்துக்கு முன்னால் பணம் கொடுக்கும் நிபந்தனை, சோதனை யார் செய்வார்கள், ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூலி உயர்ந்தால் அந்த வித்தியாசத்தை யார் தருவார்கள் என்ற மூன்றையும் படியுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் டெலிவரி சலானில் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். லேபர் கான்ட்ராக்ட் எடுப்பதாக இருந்தால், மூன்று மாதச் சம்பளத்துக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டு டெண்டர் போடுங்கள். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் இந்த வருடம் போடாதீர்கள்.